அகப்பக்கம் திறக்கவில்லையா? ‘டிடாஸ்’ என்று சொல்லும் முன்

போன வருடம் தீமிதிக்கு இரண்டு நாள் இருக்கையில், இரவு பத்து மணி வாக்கில் கோயில் செயலாளர் அழைத்தார். “தம்பி, நம்ம அகப்பக்கத்த டிடாஸ் அடிச்சிட்டானுங்க. பழைய கமிட்டி ஆளுங்க வேலைதான். காலையில போலீஸ்ல ரிப்போர்ட் போடப் போறோம்.”

“அண்ணே, அரை மணி நேரம் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். பார்த்தால் தாக்குதலுக்கான ஒரு தடயமும் இல்லை. அன்று மாலை யாரோ திருவிழாச் சுவரொட்டிகளைக் கைப்பேசியில் எடுத்தபடியே, ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது மெகாபைட் கனத்தில், முகப்பில் பதினான்கு ஏற்றியிருந்தார்கள். இணைப்பு ஆறேழு புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றியது. எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மட்டுமா, ஈப்போவிலும் கோலகங்சாரிலும் இருக்கிற நம் ஆள்களே ஒரே நேரத்தில் திறந்ததில், பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. படங்களைச் சுருக்கிப் போட்டேன். பதினொன்றேகாலுக்கு எழுந்துவிட்டது.

அந்த ரிப்போர்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பழைய நிர்வாகத்தினரும் புதியவர்களும் ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். இரு பக்கத்துக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவும் உண்டு. டிடாஸ் என்ற சொல்லுக்குள் “ஒருவன் வேண்டுமென்றே செய்தான்” என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. வாயில் வருவதற்கு முன் அது உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த ஊரில் கோயில், பெற்றோர் ஆசிரியர் சங்கம், துணிக்கடை, கேட்டரிங் என்று பதினொரு அகப்பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த அடையாளம் தெரிந்தால் எதைப் பார்ப்பது என்று பழகியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்

டிடாஸ் என்பது ‘டிஸ்ட்ரிபியூட்டட் டினையல் ஆஃப் சர்வீஸ்’ என்பதன் சுருக்கம். தமிழில் ‘பரவல் சேவை மறுப்புத் தாக்குதல்’ என்று எழுதுகிறார்கள். இந்த ‘மறுப்பு’ கூட்டங்களில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் “நமக்குச் சேவை மறுப்பு நடந்திருக்கலாம்” என்றேன். பொருளாளர் முகம் சிவந்துவிட்டது. “யாரு மறுத்தா? ஆண்டுச் சந்தா நான் கட்டிட்டேன், ரசீது இருக்கு!” என்று கோப்பைத் திறந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ‘மறுப்பு’ என்றால் சேவை தருகிறவர் மறுத்தார் என்றுதான் காதில் விழும். அன்றிலிருந்து நான் ‘சேவை முடக்கம்’ என்றே சொல்கிறேன். இன்னொரு குழப்பமும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘டாஸ்’ என்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிய பழைய கணினிதான் நினைவுக்கு வரும். அந்த டாஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பொருளாளருக்கு நான் விளக்கியது இப்படி. அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில், பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு ஒன்று, கணக்கெழுதும் கிராணியார் ஒருவர். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்குள் யாரோ ஆயிரம் பேரை வெறும் வாளியோடு அனுப்பிவிட்டால்? கிராணியார் ஒவ்வொரு வாளியையும் வாங்கிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பூட்டை யாரும் உடைக்கவில்லை, பேரேட்டில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு சொட்டுப் பால் திருடு போகவில்லை. ஆனால் பின்னால் நிற்கும் அம்மாவின் பால் வாளியிலேயே உறைந்துபோகும். அன்றைய சம்பளம் போயிற்று.

வெறும் வாளியோடு ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் அது டாஸ். அவனை அடையாளம் கண்டு வெளியே நிறுத்திவிடலாம். ஐம்பது தோட்டத்து ஆள்கள், தங்களை யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல் வந்து நின்றால் அது டிடாஸ். முன்னால் உள்ள அந்த ஒரு ‘டி’ தான் வேலையைக் கடினமாக்குகிறது. ஹேக் என்பது வேறு சமாச்சாரம்: பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பேரேட்டைத் திருத்துவது. காவல் நிலையத்தில் மலாயில் எழுதும்போதும் இது முக்கியம். ‘டிகோடாம்’ என்று எழுதினால் உள்ளே புகுந்தார்கள் என்று அர்த்தம். முடக்கம் என்றால் ‘செராஙான் டிடாஸ்’ என்றே எழுதுங்கள்.

இந்த வேலை புதிதல்ல. 2000 பிப்ரவரியில் யாஹூ, ஈபே, சிஎன்என், அமேசான் ஆகியவற்றை அடுத்தடுத்துத் திணறடித்தது கனடாவின் மொன்ட்ரியால் பகுதியைச் சேர்ந்த 15 வயதுப் பையன். நம் மலேசியாவில் 2011 ஜூனில், கோப்புப் பகிர்வுத் தளங்களை அரசாங்கம் தடை செய்ததை எதிர்த்து ‘அனானிமஸ்’ என்ற ஹேக்கர் குழுவின் பெயரில் அறிவித்துவிட்டே அடித்தார்கள். 51 அகப்பக்கங்கள் தாக்கப்பட்டன, குறைந்தது 41 பாதிக்கப்பட்டன என்று தொடர்பு பல்லூடக ஆணையம் சொன்னது.

“இந்தப் பெயரில் எதுவும் இல்லை” என்று உலாவி சொல்கிறது

பத்துக்கு ஒன்பது தடவை பெயர்ப் பதிவு காலாவதி ஆகியிருக்கும். டாட் மை என்று முடியும் பெயர்களை மைநிக் என்ற அமைப்பு பதிவு செய்கிறது. பெரும்பாலான பெயர்களுக்கு ‘ஹூ இஸ்’ தேடலில் காலாவதித் தேதி தெரியும். முதலில் அதைப் பாருங்கள். நம் சங்கங்களில் நடப்பது என்னவென்றால், பெயரை வாங்கியவர் பழைய செயலாளர், நினைவூட்டல் மின்னஞ்சல் அவர் முகவரிக்குப் போகும், அவரோ பதவி விட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். சங்கத்துக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் வைத்து அதில் பதிவு செய்தால் தீர்ந்தது.

அகப்பக்கத்தின் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவையையே தாக்குவதும் உண்டு. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் மேல் வெள்ளம் பாய்ந்தபோது, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் நன்றாக இருந்தும் பலரால் திறக்க முடியவில்லை. அப்படி நடந்தால் உங்கள் பக்கம் மட்டும் படுக்காது. அதே பெயர்ச் சேவையை நம்பியிருக்கும் மற்றவையும் சேர்ந்து படுக்கும்.

மற்றவர்களுக்குத் திறக்கிறது, எனக்கு மட்டும் இல்லை

தாக்குதல் இல்லை. வீட்டு அருகலையை (வைஃபை) அணைத்துவிட்டுக் கைப்பேசித் தரவில் திறந்து பாருங்கள். திறந்தால் இரண்டில் ஒன்று: வீட்டு இணையம் கெட்டிருக்கிறது, அல்லது கடவுச்சொல்லை நாலைந்து தடவை தப்பாகத் தட்டியதால் சர்வரே உங்கள் இணைப்பின் எண் முகவரியை (ஐபி) பூட்டிவிட்டது. பின்னதை வாடகைச் சர்வர்க்காரரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடுவார்.

திறக்கிறது, ஆனால் உள்ளே வேறு எதுவோ இருக்கிறது

முகப்பில் அம்மன் படத்துக்குப் பதில் சூதாட்ட விளம்பரம். அல்லது முகப்பு ஒழுங்காக இருக்கும், கூகளில் கோயில் பெயரைத் தேடினால் கீழே ஸ்லாட் விளையாட்டு என்று வரும். இது ஹேக். இதற்கு டிடாஸ் மருந்து எதுவும் வேலை செய்யாது. பக்கத்தை இறக்கிவையுங்கள், எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், தெரியாத நிர்வாகிக் கணக்கு இருந்தால் நீக்குங்கள், சுத்தமான பழைய நகலைத் திரும்பப் போடுங்கள், செருகுநிரல்களை (பிளகின்) புதுப்பியுங்கள். பழைய நகல் இல்லையென்றால் இன்றே எடுக்கப் பழகுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நத்தையாக ஊர்கிறது

இது சொந்தக் கூட்டம். தீமிதிக் கதை இதுதான். தீபாவளித் தள்ளுபடி அறிவித்த இரவு, தேர்வு முடிவு நாள், அன்னதானப் பதிவு திறக்கும் நிமிடம் எல்லாம் இதே கதை.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க சர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறங்கள். வாடகைச் சர்வரின் கட்டுப்பாட்டுப் பலகையில் ‘ரா ஆக்சஸ்’ என்று கிடைக்கும். உண்மையான மனிதர் வந்தால் ஒரு பக்கத்தைக் கேட்பார், அதைத் தொடர்ந்து அந்தப் பக்கத்தின் படங்களும் எழுத்துருவும் கேட்கப்படும், கொஞ்ச நேரம் படிப்பார், பிறகு இன்னொரு பக்கம். முகநூல் வழியாக வந்தவராக இருந்தால் கேட்ட பக்கத்தின் முகவரி வாலில் ‘எஃப்பிசிஎல்ஐடி’ என்ற நீளமான குறி ஒட்டியிருக்கும். இணைப்பைப் பகிர்ந்த நேரத்துக்கும் கூட்டம் ஏறிய நேரத்துக்கும் பொருத்தம் இருக்கும். ஏறுவது சரசரவென்று, இறங்குவது மெல்ல மெல்ல.

மருந்து: படத்தை 200 கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள், பக்கத்தின் தயார் நகலைச் சேமித்துத் தரும் தற்காலிகச் சேமிப்பை இயக்குங்கள், திருவிழா வாரத்துக்கு மட்டும் ஒரு படி பெரிய பேக்கேஜ் கேளுங்கள்.

ஆளே வருவதில்லை, ஆனாலும் ‘508’

‘ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்’ என்று 508 எண்ணோடு ஒரு பக்கம். உங்கள் வாடகைக்கு ஒதுக்கிய சர்வர் திறன் தீர்ந்துவிட்டது என்று பொருள். பதிவேட்டில் வேர்ட்பிரஸின் (அகப்பக்கம் நடத்தும் மென்பொருள்) உள்நுழைவுப் பக்கம் மட்டும் நூற்றுக்கணக்கான தடவை கேட்கப்பட்டிருந்தால், தானியங்கிகள் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நோக்கம் உள்ளே புகுவது. பக்கம் முடங்குவது அதன் பக்க விளைவு. ஓரிரு முகவரிகள்தான் என்றால் தடுத்துவிடுங்கள். ‘எக்ஸ்எம்எல்-ஆர்பிசி’ என்ற பழைய வாசலைப் பயன்படுத்தவில்லையென்றால் மூடுங்கள். உள்நுழைவுக்கு இரண்டாம் அடையாளச் சோதனை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முகவரியைத் தடுக்கும்போது கவனம். கைப்பேசித் தரவில் வருகிறவர்களுக்குத் தனித்தனி முகவரி இருக்காது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள். ஒரு முகவரியைத் தடுத்ததில் ஒரு தாமான் குடியிருப்பே வெளியே நின்ற அனுபவம் எனக்குண்டு.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். பள்ளியின் கேன்டின் டே கூப்பன் விற்பனைக்கு நடுவில் பக்கம் ஒரு நாள் முழுக்கப் படுத்தது. சர்வர் வாடகைக்குத் தந்தவரை அழைத்தால், “சைட்டுக்கு டிடாஸ் வந்திருக்கு சார், பெரிய பேக்கேஜ் வாங்கிடுங்க” என்றார். பதிவேடு கேட்டேன், வரவில்லை. மூன்றாம் நாள்தான் அவர்களுடைய சர்வர் வட்டு (ஹார்ட் டிஸ்க்) பழுதானது தெரிந்தது. பிள்ளைகளுக்காக அம்மாமார்கள் இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்த விற்பனை அது. அந்தச் சொல்லை இப்படிச் சாக்காக எடுத்து வீசியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே யாராவது டிடாஸ் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது? எந்த வகை, இணைப்புக் குழாயை நிரப்பியதா, பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதா? உச்சத்தில் எவ்வளவு வந்தது? உண்மையில் தாக்குதலைப் பார்த்தவரிடம் இதற்குப் பதில் இருக்கும்.

ஆயிரம் திசையிலிருந்து ஒரே கேள்வி

இதுதான் நிஜமானது. எனக்கு ஒரே ஒரு தடவை வாய்த்தது, துணிக்கடைப் பக்கத்தில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன். பதிவேட்டில் 9:47:03 என்ற ஒரே நொடிக்குக் கீழே வரி வரியாக ஓடியது. ஒவ்வொன்றும் வேறு முகவரி, வேறு நாடு. கேட்டது எல்லாம் ஒன்றுதான், கடையின் தேடல் பெட்டி. தேடிய சொல் 83912. அடுத்த வரியில் 11750. அடுத்ததில் 60428. புடவை தேடுகிறவர் எண்ணைத் தட்டுவாரா? ஒரு படம்கூடக் கேட்கப்படவில்லை. அத்தனை ‘வாடிக்கையாளர்களும்’ ஒரே பழைய உலாவியைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தயார் நகல் உதவக் கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் புது எண். ஒவ்வொரு தேடலுக்கும் சர்வர் தன் சரக்குப் பட்டியல் முழுவதையும் புரட்ட வேண்டியிருந்தது.

செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் தேடல் பெட்டியை நிறுத்தினேன். அதிலேயே சர்வர் பாதி மூச்சு விட்டது. வாடகைச் சர்வர்க்காரரை அழைத்து, அவர் பக்கமிருந்து நம் முகவரிக்கு வரும் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் துண்டித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அவர்கள் அப்படிச் செய்வதுண்டு. செய்தால் தாக்கியவன் நினைத்தது நடந்துவிடும். அடுத்து, பக்கத்துக்கு முன்னால், வருகிறவர்களை வடிகட்டி அனுப்பும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவையைக் காவலுக்கு வைத்தேன். இலவசத் திட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு உண்டு. ‘அண்டர் அட்டாக்’ நிலையை இயக்கினால், வருகிற ஒவ்வொரு உலாவியும் ஒரு சிறு சோதனையைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்னால் காவல் போட்ட பிறகும், பின்வாசலான சர்வரின் நேரடி முகவரி தாக்குகிறவனுக்கு ஏற்கெனவே தெரியும். வாடகைச் சர்வர்க்காரரிடம் சொல்லி அந்த முகவரியை மாற்ற வேண்டும். புது முகவரி கிளவுட்ஃபிளேரிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி வைக்க வேண்டும். பெயர்ச் சேவையை மாற்றினால் எல்லா இடத்திலும் பரவச் சில மணி நேரம், சிலசமயம் ஒரு நாள் ஆகும். அதனால் இதைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே செய்து வைத்துவிடுவது நல்லது. நான் அன்று அந்த நேரத்தை ஓட்ட, ஆர்டர்களைப் புலனத்தில் வாங்கச் சொன்னேன். தங்கச்சிகள் இரண்டு பேர் கடையிலேயே உட்கார்ந்து நள்ளிரவு வரை பதில் போட்டார்கள்.

நள்ளிரவுக்கு மேல் வெள்ளம் தானாக ஓய்ந்தது. கடைக்காரர் கேட்டார்: “எதிர்க் கடைக்காரன்தானே? உனக்குத் தெரியுமே, பேரைச் சொல்லு.” சொல்ல என்னிடம் பெயர் இல்லை. பதிவேட்டில் இருந்த முகவரிகள் எல்லாம் யாரோ அப்பாவிகளின் கருவிகள், வெறும் வாளியோடு அனுப்பப்பட்டவர்கள். அனுப்பியவன் அந்த வரிசையில் நிற்பதே இல்லை. பதிவேட்டை நகல் எடுத்து, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மைசெர்ட் அமைப்பின் ‘சைபர் 999’ உதவி மையத்தில் புகார் பதிந்தோம். போலீஸ் ரிப்போர்ட்டிலும் நேரம், வகை, நஷ்டம் மட்டும் எழுதினோம். சந்தேகப் பெயர் எழுதவில்லை.

திருப்பி அடிக்கலாமா என்று கடைப் பையன் ஒருவன் கேட்டான். காசு கொடுத்தால் அடித்துத் தரும் ‘பூட்டர்’ தளம் தெரியுமாம். கூடவே கூடாது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தில், கணினியின் இயல்பான இயக்கத்தைக் கெடுப்பதும் ‘மாற்றம் செய்தல்’ என்ற பிரிவுக்குள் வரும். தண்டனை 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கைப்பேசி விளையாட்டில் தோற்ற கோபத்தில் எதிராளியின் இணையத்தைத் துண்டிக்க நம் பிள்ளைகள் இத்தகைய தளங்களைத் தேடிப்போகிறார்கள். பெற்றோர்கள் தயவுசெய்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

“பணம் அனுப்பு, இல்லாவிட்டால் முடக்குவேன்” என்று மின்னஞ்சல்

கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் அடுத்த மாதம் திரும்ப வருவான். இப்படி எழுதுகிறவர்களில் பலருக்கு அடிக்கும் சக்தியே இருக்காது. மின்னஞ்சலை அழிக்காமல் வைத்து, மேலே சொன்ன முன்காவலைப் போட்டுவிட்டுப் புகார் பதியுங்கள்.

நம் கடையிலிருந்தே தாக்குதல் போகிறது என்று இணைய நிறுவனம் சொல்கிறது

டைன் மேல் பாய்ந்த வெள்ளத்துக்குக் காரணம் மிராய் என்ற நிரல். அது பிடித்துவைத்திருந்தது பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராக்களையும், பதிவுப் பெட்டிகளையும், வீட்டு ரூட்டர்களையும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால் உள்ளே போனது. சுமார் அறுபது பெயர்–கடவுச்சொல் ஜோடிகள் அதற்குப் போதுமாக இருந்தன. எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். ஆரம்பத்தில் மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர்களுக்கு இடையே நடந்த வியாபாரப் போட்டிக்காகத்தான்.

திருட்டுப் பயத்தில் நம் ஊரில் கேமரா இல்லாத கடை இல்லை. அந்தத் துணிக்கடையிலேயே நான்கு இருந்தன. பொருத்தியவர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று விட்டுப் போயிருந்தார். வெளியூரிலிருந்து கடைக்காரர் பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தார்.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கும். அணைத்து மீண்டும் போட்டால் போய்விடும், ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடத்திலேயே திரும்பத் தொற்றிக்கொள்ளும். அதனால் வரிசை மாறக் கூடாது. இணையக் கம்பியைக் கழற்றுங்கள். கேமராப் பெட்டியை அணைத்து மீண்டும் போடுங்கள். கம்பி வெளியே இருக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரூட்டரில் திறந்த வாசலை மூடுங்கள். பிறகு கம்பியைச் செருகி, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கடைக்காரர் புதுக் கடவுச்சொல்லைக் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதி, கல்லாவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆயிற்று.